பழம்பொரிக்குள் போய்வரும் வெளிச்சம்

களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். நெடுஞ்சாலையோரச் சாயாக்கடைகளுக்கு விலைப்பலகை வடிவமைப்பது அவன் தொழில். இணையத்தில் கிடைக்கும் போட்டோக்களைப் போட்டால் எல்லாக் கடையும் ஒரே கடை மாதிரி ஆகிவிடுகிறது என்று, டேப்லெட்டில் அவனே வரைய ஆரம்பித்திருக்கிறான். அனுப்பியது பழம்பொரி. ஏத்தம்பழத்தை நீளவாக்கில் கீறி, மைதா மாவில் தோய்த்துப் பொரிப்பது. வடக்கே உள்ளவர்கள் நேந்திரம்பழ பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளலாம்.

"சார், அளவெல்லாம் சரியா இருக்கு. கலரும் போட்டோவுல இருந்தேதான் எடுத்தேன். கடைக்காரர் பாத்துட்டு, 'மக்கா, இது பழம்பொரியா, சோப்புக்கட்டியா'ன்னு கேக்காரு. எங்க தப்பு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. சோப்புக்கட்டியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சோப்புக்குள் வெளிச்சம் கொஞ்சம் போய்வரும். தம்பி வரைந்திருந்தது பெயின்ட் அடித்த மரக்கட்டை. மஞ்சள் பூசி, நிழல் பக்கத்தில் மஞ்சளோடு கறுப்பைக் கலந்து, மேலே நாலு வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறான். அளவு சரிதான். வெளிச்சம்தான் தோலோடு நின்றுவிட்டது.

மஞ்சள் பொருள் நீல ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதில் ஒரு சின்னக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கே வைத்து விழுங்குகிறது?

அன்று மாலை கரண்ட் போனது வசதியாகப் போயிற்று. புட்டுக்குத் தொட்டுக்கொள்ள அவித்து வைத்திருந்த ஏத்தம்பழத்தில் ஒரு விரல் கனத்துக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டினேன். போனின் டார்ச்சை எரியவிட்டு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, துண்டை வைத்தேன். துண்டு முழுவதும் கனன்றது. டார்ச்சுக்கு நேர் மேலே நல்ல மஞ்சள். அதிலிருந்து தள்ளிப் போகப் போக ஆரஞ்சு. ஓரத்தில், அந்திநேரத்து மேற்கு வானத்தில் பார்க்கிற மாதிரி ஒரு செம்மஞ்சள். நடுவில் விதை இருக்கும் இடத்தில் கறுத்த கீறல்கள்கூடத் தெரிந்தன. அப்புறம் முற்றத்தில் கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தேன். ஒன்றும் இல்லை, இருட்டு.

ஒரே பழம், ஒரே டார்ச். பிறகு எப்படி மூன்று நிறம்?

ஒளி பழத்தின் மேல் பட்டதும் அதில் பெரும்பகுதி உள்ளே நுழைந்துவிடுகிறது. நுழைந்தது நேராகப் போவதில்லை. மாவுச்சத்து மணிகள், செல் சுவர்கள் என்று எதன்மேலாவது முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியைச் சொன்னால் புரியும். ஒரு வாசல் வழியாக நுழைந்த பையன் கூட்டத்தில் இடிபட்டு இடிபட்டு, நுழைந்த இடத்திலிருந்து நாலு கடை தள்ளி எங்கேயோ வெளியே வருவான். எவ்வளவு நேரம் உள்ளே சுற்றினானோ அவ்வளவுக்குப் பையில் காசு குறைந்திருக்கும். ஏத்தம்பழத்துக்குள் முதலில் தீர்ந்துபோகிற காசு நீலம். பழத்தில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் நீலத்தை ஆசை ஆசையாக வாங்கிக்கொள்ளும். பச்சை மெதுவாகக் கரையும். சிவப்பு ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும். குறுக்குவழியில் சீக்கிரம் வெளியே வந்த ஒளி மஞ்சள், ரொம்பத் தூரம் அலைந்து வந்தது செம்மஞ்சள். ஒரே பழத்தில் இரண்டு நிறமும் இருப்பது இதனால்தான்.

முட்டுவது என்று சொன்னேனே, எதற்காக முட்ட வேண்டும்? ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதன் அளவு) மாறுகிற ஒவ்வொரு எல்லையிலும் ஒளி வழி மாறும், அவ்வளவுதான். வித்தியாசம் பெரிதானால் சிதறலும் பெரிது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பழம்பொரியைப் பேப்பரில் வைத்துத் தருவார்களே, அந்தப் பேப்பரில் எண்ணெய் ஊறிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பின்பக்கத்துச் செய்தியைப் படிக்கலாம். காகித நாரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, நாருக்கு நடுவே உள்ள காற்றுக்கு 1. அந்தப் பெரிய வித்தியாசத்தால்தான் காகிதம் வெள்ளையாக இருக்கிறது. காற்று இருந்த இடத்தில் 1.46 உள்ள எண்ணெய் போய் உட்கார்ந்ததும் வித்தியாசம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. சிதறல் குறைந்து ஒளி ஊடே போகிறது. (அச்சு மை வயிற்றுக்கு ஆகாது, செய்தித்தாளில் உணவு பொதியாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. சோதனைக்கு வெள்ளைத்தாளே போதும்.)

ஜவ்வரிசி வேகும்போது நடப்பதும் இதே சங்கதிதான். காய்ந்த மணி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. வெந்ததும் மாவு மணிகள் தண்ணீர் குடித்து உப்பி, நடுவில் இருந்த காற்று இடைவெளிகள் அடைபட்டு, கண்ணாடிக் குண்டு ஆகிவிடுகிறது. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) அப்படியே. பச்சைக் கிழங்கின் துண்டு செத்த வெள்ளை. வெந்த கிழங்கின் ஓரத்தில் ஒரு மங்கலான ஒளிர்வு வரும். கிழங்கு வெந்துவிட்டதா என்று அம்மாமார் குத்திப் பார்ப்பதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வெந்ததற்கும் வேகாததற்கும் நாக்கைவிடக் கண் சீக்கிரம் தீர்ப்புச் சொல்லும் என்பது என் கட்சி. சாப்பாட்டுப் படத்தைப் பார்த்ததும் எச்சில் ஊறுவதில் பாதி இந்தத் தீர்ப்புதான் என்றும் நினைக்கிறேன்.

சரி, தம்பியின் டேப்லெட்டுக்கு வருவோம். வரைபட மென்பொருள் எதுவானாலும் மல்டிப்ளை என்றொரு லேயர் (படத்தின் மேல் அடுக்கும் தாள்) வகை இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலும் உண்டு, காசு கொடுத்து வாங்குவதிலும் உண்டு. நிழல் போட எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அது என்ன செய்கிறது என்று யோசித்தவர்கள் கொஞ்சம்பேர்தான். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 1 வரையுள்ள எண்களாக எடுத்து, மேல் லேயரின் எண்ணால் கீழ் லேயரின் எண்ணைப் பெருக்குகிறது. வேறொன்றும் இல்லை.

எனக்கு இதில்தான் புல்லரிக்கும். ஒளி ஒரு பொருளுக்குள் ஒவ்வொரு மில்லிமீட்டர் போகும்போதும் மிச்சமிருப்பதில் ஒரே விகிதத்தை இழக்கிறது, அதாவது திரும்பத் திரும்பப் பெருக்கல். பியர், லம்பெர்ட் பெயரில் வழங்கும் உறிஞ்சல் விதியும் மல்டிப்ளை லேயரும் ஒரே கணக்கு! ஒரு பேச்சுக்கு, பழச்சதையின் ஒரு படலம் சிவப்பை 0.95, பச்சையை 0.7, நீலத்தை 0.4 ஆக்குகிறது என்று வையுங்கள். அது வெளிர் மஞ்சள். அதே நிறத்தை இன்னொரு முறை மல்டிப்ளை செய்தால் 0.90, 0.49, 0.16 என்று ஆரஞ்சு. மூன்றாம் முறை 0.86, 0.34, 0.06 என்று நல்ல செம்மஞ்சள். டார்ச் மேல் வைத்த துண்டில் நடுவிலிருந்து ஓரம் வரை நான் பார்த்த அதே வரிசை. சிவப்பு அதிகம் மங்காமல் நிறம் ஆழமாகிக்கொண்டே போகிறது, பாருங்கள்.

தம்பி மல்டிப்ளை லேயரில் சாம்பல் நிறத்தை எடுத்துப் பூசியிருந்தான். சாம்பல் என்றால் மூன்று எண்ணும் சமம். மூன்றும் ஒன்றாகக் குறையும். ஓட்டுத்துண்டுக்கு அது சரி, ஏத்தம்பழத்துக்கு ஆகாது. அவனுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: நிழலுக்கு அந்தப் பழத்தின் நிறத்தையே எடுத்து அதன்மேலேயே பெருக்கு. வெயில் பக்கமும் நிழல் பக்கமும் சந்திக்கிற கோட்டை அப்படியே விடாதே. அங்கே வெயில் நேராகப் படுவதில்லை, பக்கத்தில் நுழைந்து உள்ளே அலைந்து வருகிற ஒளிதான் அங்கே எட்டிப் பார்க்கிறது. ஆகவே படத்திலேயே அடர்ந்த செம்மஞ்சள் அந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும், அதுவும் கலங்கலாக. பழம் மெலிந்திருக்கும் நுனியில் வெளிச்சம் ஊடுருவும், நிழல் பக்கமே ஆனாலும் அங்கே பிரகாசம் கூட்டு.

வெள்ளைப் பொட்டு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அது உள்ளே போகாமல் எண்ணெய்ப் பூச்சிலேயே தெறித்துவிட்ட ஒளி. நேராகப் பார்த்தால் எண்ணெயில் தெறிப்பது 3.5 சதவீதம்போலத்தான். சாய்த்துப் பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே போகும். பழத்துக்குள் போகாததால் பழத்தின் நிறம் அதில் ஒட்டாது, விளக்கின் நிறமே இருக்கும். டியூப்லைட் என்றால் நீலச்சாயல், அடுப்பு வெளிச்சம் என்றால் சிவப்புச்சாயல். மாவு சொரசொரவென்று இருப்பதால் ஒரு பெரிய பொட்டாக இல்லாமல் பொடிப் பொடியாக உடைந்து கிடக்கும். உள்ளிருந்து வருவது கலங்கல், மேலே தெறிப்பது கூர்மை. இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் கண் அதை ஈரப்பசை உள்ள தின்பண்டம் என்று ஒப்புக்கொள்கிறது.

இதையெல்லாம் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சாப்பாட்டில்தான் கைவைத்தார்கள். 2001-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீபன் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ராஹன் நால்வரும் பால், உருளைக்கிழங்கு, ஆப்பிள், கோழிக்கறி, தக்காளி கெச்சப் இவற்றின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு தள்ளி எந்த நிறம் வெளியே வருகிறது என்று அளந்தார்கள். சலவைக்கல்லும் மனிதத் தோலும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. கொழுப்பு நீக்கிய பாலில் நீலம் சிவப்பைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு சிதறுகிறது, முழுப் பாலில் 1.5 மடங்கு மட்டும். கொழுப்பு எடுத்த பால் டம்ளர் ஓரத்தில் நீலம் தட்டித் தெரிவதற்கு அந்த எண்ணே சாட்சி. பெரிய கொழுப்புத் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும், மிச்சமிருக்கும் பொடிப் புரதத் துகள்கள் நீலத்தின் பக்கம் சாய்ந்தவை. இந்த வேலைக்காக யென்சன், மார்ஷ்னர், ஹன்ராஹன் மூவருக்கும் 2004-ல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அனிமேஷன் முகங்கள் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரியாமல் சதையாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம்.

நம் ஊரில் ஒருவர் பாலில் விளக்கடித்துப் பார்க்கப் பணம் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதனால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று ஒரு பெட்டி இருக்கும், அதை நிரப்பத் தெரியாமலேயே பாதிப்பேர் எழுந்து வந்துவிடுவார்கள்.

விளக்கடித்துப் பார்க்காததால் எங்கள் ஊரிலேயே ஓர் அநியாயம் நடக்கிறது. மார்த்தாண்டம் தேன் பேர்பெற்றது. ஆனால் பாட்டிலில் தேன் உறைந்து வெளுத்துவிட்டால், சர்க்கரைப்பாகு கலந்துவிட்டான் என்று தேனீ வளர்ப்பவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவது இயல்பு. படிகத்துக்கும் சுற்றியுள்ள பாகுக்கும் ஒளிவிலகல் எண் வேறு, அதனால் சிதறல், அதனால் வெளுப்பு. எண்ணெய்ப் பேப்பரின் கதையே தலைகீழாக. தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விடுவது, நாயிடம் நக்கக் கொடுப்பது எல்லாம் எதையும் நிரூபிக்காது. வரைகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: உறையாத தேனுக்குள் சிதறல் மிகக் குறைவு. ஆகவே பாட்டிலில் வெளிச்சம் படுகிற பக்கம் இருண்டும், எதிர்ப்பக்கம் பளீரென்றும் இருக்கும். பழத்துக்குப் போடுகிற மாதிரி போட்டால் தேன் பாயசம் ஆகிவிடும்.

இன்னொரு விஷயமும் தம்பியிடம் சொன்னேன். வாழைப்பழப் படத்தைக் கொடுத்து, நிறமே இல்லாத சாம்பலாக மாற்றுங்கள் என்று ஜெர்மனியில் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வு. பார்த்தவர்கள் சாம்பலைத் தாண்டிக் கொஞ்சம் நீலம் வரை தள்ளிவிட்டுத்தான் இப்போது சாம்பல் என்றார்கள். வாழைப்பழம் என்றதும் மூளை தன் கைக்காசில் மஞ்சள் சேர்த்துவிடுகிறது. ஆகவே பழத்துக்கு மஞ்சளை அள்ளிக் கொட்ட வேண்டாம், பார்க்கிறவரே பாதி போட்டுக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் கொதி என்று ஒரு சொல் உண்டு. சாப்பாட்டின் மேல் வைக்கிற ஆசைதான். அடுத்தவன் கொதி விழுந்தால் தின்றவனுக்கு வயிறு வலிக்கும் என்று உப்பும் மிளகும் வைத்து ஓதுவார்கள். ஓதினால் வலி போகாது, கெட்டுப்போன எண்ணெயில் பொரித்ததை நிறுத்தினால் போகும். அது வேறு கதை. திருத்திய படம் நேற்று வந்தது. கறுப்பு போயிருந்தது, வெயிலும் நிழலும் சேருமிடத்தில் செம்மஞ்சள் கசிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கேட்டது ஒன்றுதானாம்: "மக்கா, இதப் பாத்துட்டு வாறவன் நம்ம பழம்பொரியப் பாத்தா சண்டைக்கு வரமாட்டானா?"

அடுத்து அவருக்கு மரச்சீனியும் மீன்கறியும் வேண்டுமாம். கறியின் மேலே மிதக்கிற சிவந்த தேங்காயெண்ணெயை எப்படி வரைவது என்று தம்பி கேட்கிறான். மிளகாயின் நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே மெலிந்த விளிம்பில் அந்த எண்ணெய் மஞ்சள், தடித்த நடுவில் சிவப்பு. மல்டிப்ளை லேயர் எத்தனை என்பதை அவனே கறிச்சட்டியைப் பார்த்து எண்ணிக்கொள்ளட்டும்.