பில்ட் பச்சை, பக்கம் காலி

போன வாரம் இன்னொரு டீமிடமிருந்து அதே புகார். புது வெர்ஷன் வெளியிட்டிருக்கிறார்கள். ஏபிஐ பக்கத்தை, அதாவது கோடில் என்னென்ன இருக்கிறது என்று விளக்கும் ஆவணப் பக்கத்தை, திறந்தால் தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே ஒரு கிளாஸ் இல்லை, ஒரு ஃபங்ஷன் இல்லை. "சிஐயில் பில்ட் பச்சையாகத்தானே சார் இருந்தது?" என்கிறார்கள். (பில்ட் என்றால் இங்கே ஆவணப் பக்கங்களைக் கட்டுவது. சிஐ, கோடு மாறும்போதெல்லாம் அதைத் தானாக ஓட்டிப்பார்க்கும் அமைப்பு.) பைத்தான் ஆவணக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பில்ட் பச்சையாக இருந்தால் கருவி பாதியில் சாகவில்லை என்று பொருள். அவ்வளவுதான். பக்கம் சரியாக வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்பதே இல்லை.

ஸ்பிங்க்ஸ் என்பது பைத்தான் ஆவணங்களைக் கட்டும் கருவி. கோடிலிருந்தே ஏபிஐ பக்கத்தை உருவாக்கும் அதன் ஆட்டோடாக் பகுதி உங்கள் மாட்யூலை நிஜமாகவே இம்போர்ட் செய்கிறது. பில்ட் நடக்கும் மெஷினில் ஒரு லைப்ரரி இல்லாவிட்டால் இம்போர்ட் தோற்கும். உடனே லாக்கில் ஒரு வார்னிங் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எக்ஸிட் கோட் 0, அதாவது 'வெற்றி'. சிஐ பார்ப்பது அந்த 0-வை மட்டும்தான். அந்த டீமின் லாக்கைத் திறந்தேன். மாட்யூலை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று, எந்த லைப்ரரி இல்லை என்பதோடு, தெளிவாக எழுதியிருந்தது. அதற்கு மேலும் கீழும் பழைய வார்னிங்குகள்: தலைப்பின் அடிக்கோடு குட்டை, எந்த டாக்ட்ரீயிலும் (பொருளடக்கப் பட்டியலிலும்) சேராத கோப்பு, இரண்டு இடத்தில் ஒரே லேபிள். மாதக்கணக்காக யாரும் தொடாதவை. இந்தக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒன்று யார் கண்ணில் படும்?

"வார்னிங்தானே, எரர் இல்லையே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கம்பைலர் வார்னிங் கொடுத்தாலும் ப்ரோக்ராம் ஓடும். பல நேரம் சரியாகவே ஓடும். ஆவணத்தில் அப்படி இல்லை. இங்கே வார்னிங் வந்தால் வாசகர் பார்க்கப்போகும் பக்கத்தில் ஏதோ ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. ஒரு லிங்க் எங்கும் போகாது, ஒரு அட்டவணை காணாமல் போயிருக்கும், சில சமயம் முழுப் பக்கமே போயிருக்கும். பிறகு ஓடும்போது தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு இதில் பிறகு என்ற கட்டமே கிடையாது.

ஸ்பிங்க்ஸ்-பில்ட் கட்டளைக்குப் பெரிய எழுத்து டபிள்யூ ஆப்ஷனை (-W) கொடுங்கள். வார்னிங் வந்தால் பில்ட் தோற்கும். தோற்கட்டும். இன்ஸ்டால் செய்யவே முடியாத லைப்ரரி என்றால் மாக் இம்போர்ட் பட்டியலில் சேருங்கள், அதற்குப் பதில் ஒரு போலியை வைத்து ஆட்டோடாக் சமாளித்துக்கொள்ளும். மாட்யூலின் மேல்மட்டத்தில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறக்காதீர்கள். ஆவணம் கட்டும்போது அதுவும் ஓடும்.

"பழைய வார்னிங் ஏகப்பட்டது இருக்கிறதே" என்பீர்கள். பைத்தானின் சொந்த ஆவணத்திலும்தான் இருக்கிறது. 2008இல் ஜார்ஜ் பிராண்டல் ஸ்பிங்க்ஸை வெளியிட்டதே அந்த ஆவணத்துக்காகத்தான். அங்கே இன்னும் சுத்தமாகாத கோப்புகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத கோப்பில் வார்னிங் வந்தால் சிஐ ஏற்காது. ஒரு கோப்பைச் சுத்தம் செய்ததும் அதன் பெயரை நீக்கிவிட வேண்டும். நீங்களும் இதை ஒரு மதிய நேரத்தில் அமைத்துவிடலாம்.

அப்புறம், ஸ்பிங்க்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) எழுதுகிறவர்களுக்கு. "க்ராஷ் ஆகவில்லை" என்பதை மட்டும் பார்க்கும் டெஸ்ட், டெஸ்ட்டே இல்லை. சின்னதாக ஒரு மாதிரி ப்ராஜெக்ட் வைத்துக்கொள்ளுங்கள், அதை பில்ட் செய்யுங்கள், வந்த எச்டிஎம்எல்லைத் திறந்து ஃபங்ஷன் பெயரும் சிக்னேச்சரும் (அது வாங்கும் மதிப்புகளின் பட்டியலும்) இருக்கின்றனவா என்று பாருங்கள். டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்டில் பயன்படுத்த ஸ்பிங்க்ஸே ஃபிக்ஸ்சர்கள், அதாவது டெஸ்டுக்கான ஆயத்தங்கள், தருகிறது. டாக்ஸ்ட்ரிங் (கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) இல்லாத ஃபங்ஷன் ஒன்றும் அந்த மாதிரியில் இருக்கட்டும். பைத்தானை இரட்டை ஓ ஆப்ஷனோடு (-OO) ஓட்டினால் எல்லா டாக்ஸ்ட்ரிங்கும் நன் (None, 'எதுவும் இல்லை') ஆகிவிடும். அதையும் உங்கள் கருவி தாங்க வேண்டும்.

பைத்தான் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இன்ஸ்பெக்ட் மாட்யூலில் ஒரு ஃபங்ஷனின் சிக்னேச்சரைப் படித்துச் சொல்லும் கெட்ஆர்க்ஸ்பெக், பைத்தான் 3.0 காலத்திலிருந்தே வழக்கொழிந்தது என்று குறிக்கப்பட்டிருந்தது. 3.11இல் நிஜமாகவே எடுத்தபோது எத்தனை கருவிகள் அதிர்ச்சியடைந்தன! 3.13இல் கம்பைலரே டாக்ஸ்ட்ரிங்கின் பொதுவான இன்டென்ட்டை வெட்டிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட டெஸ்டுகள் அங்கே விழுந்தன. ஒப்பிடும் இரண்டு டாக்ஸ்ட்ரிங்கையும் இன்டென்ட்டைச் சீராக்கும் கிளீன்டாக் வழியாக அனுப்பி ஒப்பிடுங்கள், போதும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் புது பைத்தானின் முதலாவது பீட்டா (சோதனை வெளியீடு) வருகிறது, அக்டோபரில் முழு வெளியீடு. பீட்டா வந்த அன்றே அதற்கு ஒரு சிஐ ஜாப் போடுங்கள். அது சிவப்பானால் அணைத்துவைக்காதீர்கள், சரிசெய்ய ஐந்து மாதம் இருக்கிறது.