வெஸ்ட்மின்ஸ்டரில் தொங்கும் கற்கள்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கிழக்குக் கோடியில் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி கட்டிய மாதா சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு முதலில் வியப்பு வரும், அடுத்து லேசான பயம் வரும். ஏறத்தாழ 60 அடி உயரத்தில், கல் விசிறிகள் விரிந்திருக்கும் கூரையிலிருந்து பெரிய கல் குமிழ்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. அடியில் தூண் இல்லை. மேலே கட்டித் தூக்கும் கம்பியும் கண்ணில் படாது. ஐந்நூறு ஆண்டுகளாக அப்படியேதான் நிற்கின்றன.

அபே அன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். 1220-இல் அங்கே எழுந்த பழைய மாதா சிற்றாலயத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் 1503 ஜனவரி 24 அன்று புதியதற்கு அடிக்கல் நாட்டினார்கள். ஹென்றி போர்க்களத்தில் வென்று அரியணை ஏறியவர், பிறப்புரிமை பலவீனமானது. தன் வம்சத்துக்கு ஒரு கம்பீரம் தேவைப்பட்டது. தன் ஆன்மாவுக்காக உலகம் உள்ளவரை துறவிகள் பூசை செய்ய வேண்டும் என்று சொத்தும் எழுதி வைத்தார். 1509-இல் இறந்தார். 1540-இல் அவருடைய மகன் எட்டாம் ஹென்றியே அந்த மடத்தை மூடிவிட்டார். அத்தோடு பூசை போனது, கூரை நின்றது.

சரி, கல் எப்படித் தொங்குகிறது?

ஏழெட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். வரிசை அப்படியே எழும்பும். நடுவில் ஒரு உயரமான புத்தகம் இருந்து, அதன் அடிப்பகுதி மட்டும் கீழே நீட்டிக்கொண்டிருந்தால்? அதுவும் விழாது, பக்கத்துப் புத்தகங்கள் அதன் மேல்பாதியைக் கவ்விக்கொள்ளும். கையின் அழுத்தம் தளர்ந்தால் எல்லாம் ‘பொத்’தென்று விழும். ஒரு வித்தியாசம்: புத்தகங்களைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. கல் வளைவில் உருவமே பாதி வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு கல்லும் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் ஆப்பு மாதிரி செதுக்கப்பட்டது. கீழே விழ நினைத்தாலே பக்கத்துக் கற்களுக்கிடையில் இன்னும் இறுகும்.

வெஸ்ட்மின்ஸ்டர் கல்தச்சர்கள் செய்ததும் இதுதான். சுவருக்குச் சுவர் குறுக்கே உறுதியான கல் வளைவுகளைக் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு ஆப்புக்கற்களை மட்டும் மற்றவற்றைவிட மிக நீளமாகக் கீழ்நோக்கி இழுத்துச் செதுக்கினார்கள். தலை வளைவுக்குள் இறுக மாட்டியிருக்கும், வால் கீழே தொங்கும். அந்த வாலிலிருந்துதான் விசிறி மலர்ந்து மேலேறிக் கூரையாகப் பரவுகிறது. நம்மைக் குழப்புவது அடுத்த தந்திரம். சுவரை ஒட்டிக் கொஞ்ச தூரம் வளைவு தெளிவாகத் தெரியும், அப்புறம் விசிறிக் கூரையைத் துளைத்துக்கொண்டு அதன் முதுகுப் பக்கம் போய்விடும். தாங்குகிறவன் மாடியில் ஒளிந்துகொள்ள, தாங்கப்படுகிறவன் மட்டும் மேடையில் நிற்கிறான். இடைக்காலக் கட்டடக் கலையில் இதைவிட நேர்த்தியான ஏமாற்று வேலையை நான் அறியேன்.

விசிறிகளும் கெட்டிக்காரத்தனமானவைதான். பழைய கோதிக் கூரைகளில் முதலில் கல் விலா எலும்புகளைக் கட்டி, இடைவெளிகளைத் தனிக் கற்களால் நிரப்புவார்கள். இங்கே அந்தக் கோடுகள் எலும்பே இல்லை. பலகைக் கல்லின் முகத்தில் செதுக்கிய அலங்காரம்தான். விசிறி இரண்டு திசையிலும் வளைந்திருப்பதால் முட்டை ஓடு மாதிரி மெல்லியதாக இருந்தும் பலம் குறையவில்லை.

கட்டும்போது முழுக் கதையும் மரத்தின் மேல்தான். இன்று கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் அடிப்பது போல, வளைவின் வடிவத்துக்கு மரச் சட்டம் அடித்து அதன்மேல் கற்களை அடுக்குவார்கள். கடைசிக் கல் உச்சியில் இறங்கும்வரை வளைவுக்குத் தன்பலம் கிடையாது. அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் பிரிப்பார்கள். கற்கள் மயிரிழை நகர்ந்து ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும்.

இந்தக் கணக்கை அவர்கள் பேனா பிடித்துப் போடவில்லை. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் அதுவே நிற்கும் வளைவு என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் அறிவித்தது 1675-இல்தான். இரண்டு கையிலும் சங்கிலியைப் பிடித்து, இரண்டு இடங்களில் பூட்டு மாட்டிப் பாருங்கள். பூட்டு மாட்டிய இடங்களில் சங்கிலி மடங்கும். அதைத் தலைகீழாகப் போட்டால், கனமான இரண்டு தொங்கு கற்களைச் சுமக்கும் வளைவுக்குள் அழுத்தம் போகும் பாதை கிடைக்கும். அந்தப் பாதை கல்லின் தடிமனுக்குள்ளேயே அடங்கினால் வளைவு நிற்கும், வெளியே எட்டிப்பார்த்தால் ஆபத்து. கல்தச்சர்களிடம் இருந்தது காம்பஸும் கயிறும், தலைமுறைத் தலைமுறையாகக் கண்ட வெற்றி தோல்விகளும்தான்.

வளைவு எப்போதும் தன் கால்களை வெளியே உதைக்கும். அதைத் தடுக்க யாராவது முட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே பக்க நடைகளுக்கு மேலாகத் தாவும் கல் முட்டுகள் அந்த உதையை வாங்கி, வெளியே நிற்கும் எண்கோண முட்டுக் கோபுரங்களிடம் ஒப்படைக்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் அவை குமிழ் வைத்த அலங்காரக் கோபுரங்கள். உண்மையில் அவைதான் உள்ளங்கைகள். பாரம் அங்கே போய்விட்டதால் நடுவில் சுவர் என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை, அந்த இடமெல்லாம் ஜன்னல். லண்டனின் நிலக்கரிப் புகை இந்த வெளிப்பக்கக் கல்லைத்தான் தின்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்தச்சர் தாமஸ் கேஃபியர் மேற்பார்வையில் பாத் நகரத்துக் கல்லை வைத்து மேல்முகத்தைப் புதுப்பித்தார்கள்.

கூரைக்குக் கீழே ஏழாம் ஹென்றியும் அவருடைய மனைவி அரசி எலிசபெத்தும் முலாம் பூசிய வெண்கலச் சிலைகளாகப் படுத்திருக்கிறார்கள். வார்த்தவர் ஃபிளாரன்ஸ்காரர் பியெத்ரோ தொர்ரிஜானோ. இளவயதில் மைக்கலாஞ்சலோவின் மூக்கை உடைத்தவர் என்ற ‘பெருமை’யும் அவருக்கு உண்டு. பின்னாளைய மன்னர் முதலாம் ஜேம்ஸ் எங்கே புதைக்கப்பட்டார் என்று 1869-இல் தேடியபோது, ஹென்றியின் கல்லறை அறைக்குள்ளேயே அவரும் கிடந்தார்.

கிழக்குக் கோடியில் விமானப்படை வீரர்களுக்கான சிறு நினைவிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டு அங்கே சுவரில் போட்ட துளையைப் பூசி மறைக்காமல் கண்ணாடி பதித்து வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால், கூரையின் பாரத்தைச் சுமக்க வேண்டியிராத அந்தச் சுவரின் தடிமன் தெரியும்.