ஜேசிபி வருவதற்கு முன்னால் எழுதி வைக்க வேண்டியவை

கேரளத் தேயிலை மலையில், பீர்மேடு, தேவிகுளம் பக்கம் வக்கீல் தொழில் செய்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "வீட்டை இடிக்கப் போறாங்க, ஐநாவுக்கு எழுதிப் போட்டா வந்து நிறுத்துவாங்களா சார்?" நிறுத்த மாட்டார்கள். இடிப்பை நிறுத்தும் அதிகாரம் இங்கே இருக்கும் கோர்ட்டுக்குத்தான். நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதல் வேலை தடையாணைக்கு ஓடுவது. அதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

அப்படியென்றால் ஐநாவுக்கு எதற்கு எழுத வேண்டும்? அவர்கள் கேட்கும் கேள்வி வேறு. அதனால்தான்.

இங்கே வில்லேஜ் ஆபீஸில் முதல் கேள்வி "பட்டா இருக்கா?" லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில், மூன்று தலைமுறையாக இருப்பவரிடம் பட்டா எப்படி இருக்கும்? வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போச்சு. முதலாளி எஸ்டேட்டைக் கைவிட்டுப் போன இடங்களில் இன்னும் மோசம்: சம்பள பாக்கியும் சர்வீஸ் பணமும் (பணிக்கொடை) வராது, வீட்டை விட்டு இறங்கு என்கிற நோட்டீஸ் மட்டும் வரும்.

ஐநாவின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. அதன் 11ஆவது பிரிவு வீட்டுரிமையைச் சொல்கிறது. பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த வகையில் குடியிருந்தாலும், வெளியேற்றத்துக்கு எதிராக ஓரளவு சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அதன் கண்காணிப்புக் குழு 1991இல் விளக்கம் கொடுத்தது. 1997இல் இன்னும் துல்லியமாகச் சொன்னது: மக்களோடு உண்மையான கலந்தாலோசனை, போதிய அவகாசம், ராத்திரியிலும் கொட்டும் மழையிலும் இடிக்கக் கூடாது, யாரும் தெருவில் நிற்கும் நிலை வரக் கூடாது. வீட்டுரிமைக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளராக (ஐநா நியமிக்கும் தனி நிபுணர்) இருந்த மிலூன் கோத்தாரி, நம் நாட்டுக்காரர், 2007இல் தந்த வழிகாட்டு நெறிகள், மாற்று இடத்தில் குடியமர்த்துவதற்கு 90 நாள் முன்னறிவிப்பு கேட்கின்றன. வெளியேற்றம் தேர்தலுக்கு முன்னாலும் பள்ளித் தேர்வு நேரத்திலும் கூடாது. அவரவர் வீட்டை அவரவரையே இடிக்க வைக்கக் கூடாது. நடுநிலைப் பார்வையாளர்களை உள்ளே விட வேண்டும் என்கின்றன.

இவை எதுவும் நேரடியாக நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்தில் எடுத்துச் சொல்லலாம், சொல்கிறோம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 15 நாள் நோட்டீஸ், இடிப்பை வீடியோ எடுத்தல் என்று நெறிமுறை வகுத்தது. நல்லதுதான். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆற்றோரம் போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு அது பொருந்தாது. ஏழைகள் வேறெங்கே குடிசை போடுவார்கள் என்று தெரியவில்லை!

சரி, எழுதி வைக்க வேண்டியது என்ன? ஒரு கைவிடப்பட்ட எஸ்டேட்டில் மலையாளத்தில் அடித்த நோட்டீஸைப் பிரட்டுக்களத்து (தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம்) சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆடி மழையில் பாதி கரைந்துவிட்டது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்கு அது வெறும் காகிதம். நாங்கள் முதலில் செய்தது, அந்தச் சுவரோடு சேர்த்து, தேதி தெரிய நோட்டீஸைப் படம் எடுத்தது. 'போதிய அவகாசம் கொடுத்தோம்' என்று பிறகு சொன்னால் பதில் அந்தப் படத்தில் இருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

அப்புறம் வீட்டுக்கு ஒரு தாள். அரசு மகசரில் (இடத்தைப் பார்த்து அதிகாரிகள் எழுதும் குறிப்பு) 'தற்காலிக ஷெட் ஒன்று' என்று ஒரே வரியில் முடித்திருந்த ஒரு வீட்டை எங்கள் தாள் இப்படிச் சொன்னது: இரண்டு அறை, புகையேறிக் கறுத்த அடுப்படி, சொந்தக் காசில் கட்டிய கக்கூஸ், பின்னால் மாட்டுத் தொழுவம், கறவை மாடு ஒன்று, இருபது மூடு கப்பை (மரவள்ளி). படுக்கையில் இருக்கும் மாமியார். பத்தாம் வகுப்பில் ஒரு பெண். பிஸ்கட் டின்னுக்குள் பழைய சம்பளச் சீட்டு, பிஎஃப் சீட்டு, ரேஷன் கார்டு. அவ்வளவையும் அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டோம். இடிக்கும் நாளில் முதலில் தொலைவது அந்த டின்தான்.

எண்ணிக்கைதான் இதில் முதுகெலும்பு. ஜிம்பாப்வேயில் 2005இல் அரசே ஊர் ஊராக இடித்துத் தள்ளியபோது ஐநா தூதர் அன்னா திபைஜுகா போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்றது அது. இடிபட்டவை 92,460 வீட்டுக் கட்டடங்கள் என்ற அரசின் சொந்தக் கணக்கும் அதில் அடிப்படையாக இருந்தது. அரசு கொடுத்த எண்ணை வைத்தே அரசைக் கேள்வி கேட்க முடிந்தது.

தனிநபர் புகாருக்கு வழி தரும் விருப்ப நெறிமுறையில் (உடன்படிக்கையின் துணை ஒப்பந்தம்) இந்தியா சேராததால், மேலே சொன்ன குழுவிடம் தனிநபர் புகார் கொடுக்க முடியாது. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதலாம். அந்தப் பொறுப்பை 2020இல் ஏற்றவர் பாலகிருஷ்ணன் ராஜகோபால். உள்ளூர் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். யார், எங்கே, எப்போது, யாரால் என்பது மட்டும் போதும். 'அராஜகம்', 'கொடுங்கோல்' என்று இரண்டு பக்கம் எழுதுபவர்கள் உண்டு. வசைமொழி இருந்தாலே ஒதுக்கிவிட இடமிருக்கிறது. பத்திரிகைச் செய்தியை மட்டும் வெட்டி ஒட்டினாலும் செல்லாது. பெயர்ப் பட்டியலைத் தனியே வையுங்கள். பயப்படுகிறவர் பெயரை அரசுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

விஷயத்தை எடுத்துக்கொண்டால் சிறப்பு அறிக்கையாளர் இந்திய அரசுக்குக் கடிதம் எழுதுவார். 60 நாளுக்குப் பிறகு கடிதமும், பதில் வந்திருந்தால் அதுவும் வெளியாகும். 'அனைவருக்கும் மாற்று இடம் கொடுத்தாயிற்று' என்று அரசு ஜெனீவாவில் உள்ள ஐநா அலுவலகத்துக்கு எழுதியிருந்தால், அதையே ஹைகோர்ட்டில் வைத்து, 'எங்கே, யாருக்கு?' என்று கேட்கலாம்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும். மாநில ஆணையம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட விஷயத்தைத் தேசிய ஆணையம் தொடாது. எனவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இடித்து முடித்த பிறகும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கொச்சியில் வல்லார்பாடம் துறைமுகச் சாலைக்காக 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளி வீடுகளை இடித்தார்கள். அடுத்த மாதமே 316 குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் அறிவித்தார்கள். பல வருஷம் ஆகியும் நிறையப் பேரால் கொடுத்த இடத்தில் வீடு கட்ட முடியவில்லை, சதுப்பு நிலம். இதை யாராவது போய்ப் பார்த்து எழுதினால்தான் தெரியும். மூன்று மாதம் கழித்து அதே குடும்பத்தைத் தேடிப் போய் அதே தாளை மறுபடி நிரப்புங்கள்: இப்போது எங்கே இருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, மாடு என்ன ஆயிற்று, அந்தப் பெண் பரீட்சை எழுதினாளா.