பிஎஸ் 5 வாங்கியும் படம் மாறவில்லையா?

போன மாதம் கடைக்குத் தம்பி ஒருவர் வந்தார். இரண்டு வருடம் சேர்த்த காசில் பிஎஸ் 5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வாங்கியிருக்கிறார், ஆனால் முகத்தில் சந்தோஷமே இல்லை. "அண்ணே, ஜிடிஏ 5 கேம் பழைய மெஷின்ல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டாங்களா?" என்றார்.

கடை டிவியில் மாட்டிப் பார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கேமின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக 'பிஎஸ் 4' என்று இருந்தது. முந்தைய கன்சோலான பிஎஸ் 4-இன் பழைய டிஸ்க்கையே உள்ளே போட்டிருக்கிறார். பிஎஸ் 5 அதை ஓட்டும், பிஎஸ் 4-க்காகச் செய்த அதே கேமாக ஓட்டும். ஜிடிஏ 5-இன் பிஎஸ் 5 வெர்ஷனைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சில கேம்களில் இந்த மாற்றம் இலவசம். அதனால் கிராஃபிக்ஸை ஒப்பிட உட்காரும்போது, ஓடுவது எந்த வெர்ஷன் என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

மூன்று தலைமுறை கன்சோல்களிலும் வந்த கேம் என்பதால், ஒப்பிட்டுக் காட்ட நான் எப்போதும் ஜிடிஏ 5-ஐத்தான் எடுப்பேன். 2013 செப்டம்பரில் பிஎஸ் 3-க்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கும் வந்தது. பிஎஸ் 3-இல் மொத்த மெமரியே 512 எம்பி, அதுவும் 256, 256 என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இன்றைய மலிவு ஃபோனில்கூட அதைப்போலப் பல மடங்கு உண்டு. அந்த இடத்துக்குள் லாஸ் சான்டோஸ் என்ற முழு நகரத்தையும் அடக்கியதை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்பாக இருக்கிறது. படம் 720பி (இந்த எண் கூடக்கூடப் படம் தெளிவாகும்), வேகம் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது நொடிக்கு 30 தனிப் படங்கள். நகருக்குள் வேகமாக வண்டி ஓட்டினால் அந்த 30-உம் குறையும்.

2014 நவம்பரில் பிஎஸ் 4-க்கு வந்தபோது மெமரி 8 ஜிபி, படம் 1080பி. மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் புல் முளைத்தது, சாலையில் வண்டிகள் கூடின. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

2022 மார்ச்சில் வந்த பிஎஸ் 5 வெர்ஷன் அப்படி இல்லை. ஓடும் கேமை நிறுத்திவைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. மாற்றமெல்லாம் அசைவில் இருக்கிறது. வண்டியை ஓட்டிக்கொண்டே கேமராவை மெதுவாகச் சுழற்றி, ஓரத்தில் இருக்கும் கடைப் பலகையைக் கவனியுங்கள். 30 ஃபிரேமில் எழுத்து இழுபட்டுக் கலங்கும். 60 ஃபிரேமில் தெளிவாக நிற்கும். அந்தத் தம்பிக்கு இதைத்தான் காட்டினேன். ஒரே தெருவில் நாலு முறை போய்வந்த பிறகு அவரே சிரித்துவிட்டார்.

கேமின் செட்டிங்ஸில் மூன்று மோடுகள் இருக்கும். ஃபிடெலிட்டியில் 4கே படமும் (ஃபுல் ஹெச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள்) ரே டிரேசிங்கும் (ஒளியும் பிரதிபலிப்பும் நிஜம்போலத் தெரியும் முறை) உண்டு, ஆனால் 30 ஃபிரேம்தான். பெர்ஃபாமன்ஸில் 60 ஃபிரேம். பெர்ஃபாமன்ஸ் ஆர்டி இரண்டுக்கும் நடுவில்: 60 ஃபிரேமோடு ரே டிரேசிங்கும் உண்டு. வீட்டில் இருப்பது ஃபுல் ஹெச்டி டிவி என்றால் 4கே பற்றிக் கவலையே வேண்டாம், 60 ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். அந்த வித்தியாசம் சாதாரண டிவியிலும் தெரியும்.

4கே டிவி வைத்திருப்பவர்கள் டிவியின் ஹெச்டிஎம்ஐ (கன்சோல் கேபிள் செருகும் இணைப்பு) செட்டிங்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பல டிவிகளில் அது சாதாரண நிலையிலேயே இருக்கும். 'என்ஹான்ஸ்டு' என்பது போன்ற பெயரில் இருப்பதை நாமே மாற்றினால்தான் ஹெச்டிஆர் நிறங்கள் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் நுணுக்கத்தோடு தெரிபவை) முழுதாக வரும். டிவியின் கேம் மோடையும் போட்டுவிடுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். அது இல்லாத ஃபிரேம்களைத் தானே நடுவில் செருகுவதால், பழைய கன்சோலின் 30-கூட 60 மாதிரி தோன்றி ஒப்பீட்டையே கெடுத்துவிடும்.

அப்புறம் இந்த ஒப்பீட்டு வீடியோக்கள். ஃபோனில், டேட்டா மிச்சமாகட்டும் என்று 480பி-இல் பார்த்துவிட்டுப் பெரிய தொகையைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். வீடியோவைச் சுருக்கும்போது முதலில் போவது புல், இலை, மணல் போன்ற நுணுக்கங்கள்தான். ஒரு பக்கம் காலை வெயில், மறுபக்கம் மாலை மேகம் என்று வைத்து ஒப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜிடிஏ 5-இன் தொடக்கத்தில் பனி கொட்டும் ஊரில் நடக்கும் கொள்ளைக் காட்சி எல்லா வெர்ஷனிலும் ஒன்றே. அதை வைத்து ஒப்பிட்டிருந்தால் நம்பிப் பார்க்கலாம்.

பழைய கன்சோலுக்குப் புதிய கேம் வாங்குகிறவர்கள் 2020 டிசம்பரை மறக்க வேண்டாம். சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தபோது சாதாரண பிஎஸ் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் படம் மங்கியது, திக்கித் திக்கி ஓடியது. அந்தக் கன்சோல்களில் கேம் எப்படி ஓடும் என்பதை முன்கூட்டியே காட்டாததற்குத் தயாரித்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. சோனி தன் ஸ்டோரிலிருந்து கேமை எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. எந்தக் கன்சோலில் எடுத்த காட்சி என்று தெரியாமல் டிரெய்லரை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். உங்களிடம் இருக்கும் அதே மாடலில் யாராவது ஆடிக் காட்டும்வரை பொறுங்கள்.

கிளம்பும்போது அந்தத் தம்பி இன்னொன்று கேட்டார்: "அப்போ நான் இவ்வளவு நாள் ஆடினதெல்லாம் போயிடுமாண்ணே?" போகாது. ஜிடிஏ 5-இன் பிஎஸ் 4 வெர்ஷனில் இருந்து 'சேவ்' ஃபைலை (அதுவரை ஆடியதன் பதிவை) அப்லோட் செய்து, பிஎஸ் 5 வெர்ஷனில் இறக்கிக்கொள்ளலாம். அவருடைய சேவ் பழைய மெஷினில் இருந்தது. அதை மறுநாள் விற்பதாகப் பேசி முடித்திருந்தார். நல்லவேளை, அதற்கு முன்னால் கேட்டார்.