பற்றரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

காலையில் கார் ஸ்டார்ட் எடுக்காவிட்டால் கொழும்பில் பலர் உடனே புது பற்றரி வாங்கப் போய்விடுகிறார்கள். எங்கள் கராஜுக்கு அப்படி வரும் கார்கள் பலவற்றில் பற்றரி பழுதில்லை. அதற்குப் போதிய சார்ஜ் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வேறோர் இடத்தில் பற்றரி மாற்றிச் சில மாதங்கள்தான். "புதுசுதானே தம்பி, பிறகும் ஏன் ஸ்டார்ட் எடுக்குதில்ல?" இன்ஜினை ஓடவிட்டு, பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்டனேட்டரில் அளந்தேன், 14.2 வோல்ட். பற்றரியில் 13.1 மட்டுமே. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளொக்கிலும் வைத்தேன். 0.2ஐத் தாண்டக் கூடாத இடத்தில் 1.0 காட்டியது. கியர்பொக்ஸ் பக்கம், பற்றரியின் மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரின் நட்டைக் கழற்றினால் செம்பு முழுக்கப் பச்சை பிடித்து, பாதி இழை அறுந்து கிடந்தது. வயரை மாற்றியதும் பற்றரியில் 14.1 வந்தது. இந்தக் கோளாறுக்கு எத்தனை பற்றரி மாற்றினாலும் பலனில்லை.

சாதாரண மல்டிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பற்றரி நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. நிறைவாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் விழுந்தால் பற்றரி போய்விட்டது, மாற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுப் பாருங்கள், 13க்கு இறங்கினால் அல்டனேட்டர், பெல்ட், வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால், அல்டனேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. பற்றரி கொதித்து, அழுகிய முட்டை மணம் வரும். சில புது மாடல்களில் காரின் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஓர் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் ஏசி, வைப்பர், லைட் எல்லாம் போட்டு ஊர்ந்து போகும் கார் பற்றரிக்குப் பெரிதாக எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. நம் ஊர் வெக்கையும் அதன் ஆயுளைக் குறைக்கிறது.

இரவில் பற்றரி இறங்கிப் போகிறதா? கார் வாங்கிய பிறகு பொருத்திய கெமரா, அன்ட்ரோய்ட் செட், கார் நிற்கும் இடத்தைக் காட்டும் ட்ரக்கர் ஆகியவற்றையே முதலில் சந்தேகியுங்கள். காரைப் பூட்டி அரைமணி நேரம் விட்டு, பற்றரியிலிருந்து ஓடும் கரண்டை அளந்தால் பொதுவாக 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை அம்பியர் ஓடினால் நாளொன்றுக்கு 12 அம்பியர் மணி போகும். சின்னக் காரின் பற்றரி மூன்று நாள் தாங்காது. அல்டனேட்டரில் கரண்டைத் திரும்பி ஓடவிடாமல் தடுக்கும் டயோட் கசிந்தாலும் இதே கதைதான்.

அல்டனேட்டரைச் சோதிக்க என்று சில மெக்கானிக் பாஸ்மார் இன்ஜின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறி, பற்றரியைவிடப் பல மடங்கு விலையான கம்ப்யூட்டரை எரித்துவிடும்.

அக்வா, பிரியஸ் போன்ற, பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் கார்களில் அல்டனேட்டரே கிடையாது. பெரிய பற்றரியிலிருந்து வோல்ட்டைக் குறைத்துத் தரும் கன்வர்ட்டர்தான் சின்ன 12 வோல்ட் பற்றரியைச் சார்ஜ் செய்கிறது. டாஷ்போர்டில் ரெடி (READY) விளக்கு எரிந்த பிறகே அளக்க வேண்டும். அக்வாவில் 12 வோல்ட் பற்றரி பின்சீட்டின் கீழே, ஆட்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஆகவே வாயுவை வெளியே விடும் குழாய் உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். மாற்றி முடிந்ததும் அந்தக் குழாயைத் திரும்ப மாட்டினார்களா என்று, காரை எடுக்கும் முன் உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.