தொட்டிக்குள் போகக் கூடாத முதல் 20 லிட்டர்

சிங்கப்பூரில் இடியோடு கொட்டும் பிற்பகல் மழை சில வேளைகளில் ஒரே மூச்சில் 30 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆக, தரைவீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் 20 சதுர மீட்டர் கூரையில் 600 லிட்டர் விழுகிறது. தெறிப்பதும் கூரையில் ஒட்டி நிற்பதும் போக, ஏறத்தாழ 480 லிட்டர் கீழே வரும். தொட்டியில் பிடித்துவைக்கும் அந்த நீர் எவ்வளவு சுத்தம் என்பதை வானத்தைவிடக் கூரைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

கரியமில வாயு கரைவதால் தூய மழையின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6 அளவில் இருக்கும். வாகன, ஆலைப் புகை கலந்தால் இன்னும் இறங்கும். தாது உப்புகளும் அதில் மிகக் குறைவு. இப்படிப்பட்ட நீர் துத்தநாகம், செம்பு, பழைய ஈயப்பற்று ஆகியவற்றைக் கரைத்துக்கொள்ளும். கூரையில் மைனா, புறாக்களின் எச்சம் காய்ந்து கிடக்கும். சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் அதிலிருந்து வரலாம். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள், புகைமூட்டக் காலத்தில் படியும் சாம்பல் எல்லாம் முதல் சில நிமிடங்களில் கழுவிக்கொண்டு இறங்கும்.

இதைத் தடுக்கத்தான் தொட்டிக்கு முன்னால் பொருத்தும் முதல்நீர்க் குழாய். ஒரு மில்லிமீட்டர் மழையையாவது தொட்டிக்குப் போகாமல் பிடிக்க வேண்டும்: 20 சதுர மீட்டருக்கு 20 லிட்டர். மரத்தடி என்றாலோ ஒரு வாரம் மழையே இல்லை என்றாலோ இரு மடங்கு நல்லது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் மீட்டருக்கு 8 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். இரண்டரை மீட்டர் தேவை. 150 மில்லிமீட்டர் குழாய் என்றால் ஒரு மீட்டரும் கொஞ்சமும் போதும். குழாய் நிறைந்ததும் உள்ளே மிதக்கும் பந்து வாயை அடைக்கும். அடுத்து வரும் நீர் தொட்டிக்குத் திரும்பும். அடிமூடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை இட்டால், மழை நின்றபின் ஓரிரு மணி நேரத்தில் குழாய் தானே காலியாகும்.

பெரும்பாலும் கோளாறு அந்தத் துளையில்தான். ஓர் இலைத்துணுக்கு அடைத்தால் குழாய் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராகத் தொட்டிக்குள் போகும். தொட்டியின் மேல்நீர் தெளிவாகவே தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. மழைக்கு மறுநாள் அடிமூடியைத் திறந்து பாருங்கள். நீர் கொட்டினால் துளை அடைத்திருக்கிறது.

தொட்டி ஒளி புகாததாக இருக்கட்டும்; இல்லையெனில் பாசி பிடிக்கும். உள்வரும் குழாயை அடிவரை இறக்கி, நுனியை மேல்நோக்கி வளைத்தால் வண்டல் கலங்காது. நீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேலேயே பொருத்துங்கள்.

ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ ஏழு நாள் போதும். மூடிக்கு வலை போடுபவர்கள் வழிந்தோடும் குழாயை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள வலை வேண்டும். டெங்கி பரவும் ஊரில் இதில் சலுகையே கூடாது.

நீர் நாற்றமடித்தால், 1,000 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டு ப்ளீச் 100 மில்லிலிட்டர் கலந்தால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் சேரும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கும் சாகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் அப்படியே இருக்கும். ஆகவே குடிக்கவோ சமைக்கவோ பல் துலக்கவோ இந்த நீர் வேண்டாம். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய், சுத்திகரிக்கப்பட்ட பிறகே வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

தரை கழுவ, கழிப்பறைக்கு, கறிவேப்பிலைக்கும் மிளகாய்ச் செடிக்கும் ஊற்றத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேரில் ஊற்றுங்கள். வெயிலில் வெதுவெதுப்பான தொட்டி நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி வளரும். அதைப் புகைபோல் தெளித்தால் நுண்துளிகள் நுரையீரலுக்குள் போகும். மழைநீர்க் குழாயைக் குடிநீர்க் குழாயோடு எங்கும் இணைக்கக் கூடாது. தொட்டியில் குழாய்நீர் நிரப்பும்போது ரப்பர் குழாயின் நுனி நீரில் மூழ்கவும் கூடாது; அழுத்தம் குறைந்தால் தொட்டி நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் தொட்டியைக் காலிசெய்து, தொட்டியின் வடிகுழாயையும் முதல்நீர்க் குழாயின் அடிமூடியையும் திறந்தே வைத்துவிட்டுப் போகலாம். நவம்பரில் மழை ஓயாது.