கேஜ் ஏறுகிறது, தண்ணீர் ஏறவில்லை

அமெரிக்காவிலும் கனடாவிலும் தரை முழுக்கக் கார்ப்பெட் ஒட்டிய வீடுகள் ஏராளம். அவற்றைக் கழுவ வருகிறவர்கள் வாசலில் ஒரு வேனை நிறுத்துவார்கள். இன்ஜின், வெந்நீர் பம்ப், அழுக்குநீர்த் தொட்டி, புளோயர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வீட்டுக்குள் போவது இரண்டு குழாய்கள்தான். ஒன்று வெந்நீரைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்; மற்றது அந்த நீரை அழுக்கோடு திரும்ப உறிஞ்சிவரும் தடித்த ஹோஸ். இது 100, 150 அடிகூட நீளும். காலையில் கழுவிய கார்ப்பெட் மாலைக்குள் காய வேண்டும். மறுநாளும் சொதசொதவென்று கிடந்து வாடை அடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உறிஞ்சும் பக்கத்தைத்தான்.

உறிஞ்சுவது என்று சொல்கிறோமே தவிர, அங்கே எதுவும் எதையும் இழுப்பதில்லை. புளோயர் தொட்டியிலிருக்கும் காற்றை அள்ளி வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று ஹோஸின் மறுமுனை வழியாகப் பாய்ந்து வருகிறது. வருகிற வழியில் கார்ப்பெட்டிலிருக்கும் நீரைத் துளித்துளியாக அடித்துக்கொண்டு வருகிறது. ஆக, நீரைச் சுமப்பது ஓடும் காற்று. அழுத்தம் குறைந்தால் மட்டும் போதாது, காற்று ஓடவும் வேண்டும்.

இதை மறந்தால் வண்டியிலிருக்கும் கேஜ், அதாவது அழுத்தமானி, நம்மை ஏமாற்றிவிடும். உள்ளே அழுத்தம் வெளியைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை, அதாவது வேக்கத்தை, அது பாதரச அங்குலத்தில் காட்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலம். இந்த வண்டிகளில் வேக்கம் 10 முதல் 15 அங்குலத்துக்குள் எங்கோ ஓரிடத்தில், வெளிக்காற்றை உள்ளே விட்டு அதற்குமேல் ஏறாமல் தடுக்கும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும்படி வைத்திருப்பார்கள். முள் உயரத்தில் நின்றால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஹோஸில் நாய் முடி உருண்டை அடைத்துக்கொண்டாலும் முள் ஏறத்தான் செய்யும். ஹோஸின் முனையில் கார்ப்பெட்டின்மேல் தேய்க்கும் கைப்பிடிக் குழாயான வாண்டில் (wand) இழுவை இல்லை, முள் மட்டும் உச்சியில் என்றால் அடைப்பு. இழுவையும் இல்லை, முள்ளும் படுத்துவிட்டது என்றால், எங்கோ வெளிக்காற்று குறுக்கு வழியில் நுழைகிறது, அல்லது புளோயர் களைத்துவிட்டது.

அடுத்து, கோளாறு வண்டியிலா ஹோஸிலா என்று பிரிக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த வாயைத் தடித்த ரப்பர் துண்டால் மூடிப் பார்க்கலாம். உள்ளங்கையை வைக்காதீர்கள்: 2 அங்குல வாயில் 12 அங்குல வேக்கம் என்றால், 8 கிலோவுக்கு மேல் வெளிக்காற்று கையை உள்ளே அழுத்தும். மூடியதும் முள் ஏறி ரிலீஃப் வால்வு திறந்தால் புளோயரும் தொட்டியும் பெரும்பாலும் தப்பித்தன. அப்புறம் வாயைத் திறந்து விடுங்கள். முள் நன்றாக இறங்க வேண்டும். பல வண்டிகளில் கேஜ் தொட்டிக்கும் புளோயருக்கும் நடுவே இருக்கும். வாய் திறந்திருந்தும் முள் இறங்க மறுத்தால், தொட்டிக்குள்ளே இருக்கும் சல்லடையைப் பாருங்கள். கார்ப்பெட் நூலும் முடியும் சோப்பும் சேர்ந்து அதில் கம்பளித் துணிபோல ஒரு படலம் போட்டிருக்கும்.

ஹோஸ் பக்கம் என்றால் அடைப்பு நடுவழியில் இருப்பது அரிது. 2 அங்குல ஹோஸ் ஒன்றரை அங்குலத்துக்குச் சுருங்கும் இணைப்பில், வளைவில், வாண்டின் வாயில் தேடுங்கள். ஹோஸின் அளவே கூட வில்லனாகலாம். ஒரே அளவு காற்று ஓடும்போது, உராய்வில் போகும் அழுத்தம் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 2 அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலக் குழாய் போட்டால் அடிக்கு அடி இழப்பு நான்கு மடங்குக்கும் மேல். கடைசிப் பத்தடிக்கு மட்டும் இருக்க வேண்டிய மெல்லிய ஹோஸை, தூக்கச் சுலபம் என்று ஐம்பதடிக்குப் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

முள் படுத்த கேஸ்களில் தொட்டி மூடியின் கேஸ்கட், அழுக்குநீரைத் திறந்துவிடும் வால்வு, ஹோஸ் இணைப்புகள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். 10 அங்குல வேக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே விடும். உள்ளே அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் அது விரிந்து 18 லிட்டராகிவிடும். நிமிடத்துக்கு 400 கன அடி தள்ளும் புளோயருக்கு இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேலை, அதுவும் கார்ப்பெட்டைத் தொடாமலே.

எல்லாம் சரியாக இருந்தும் முள் ஏறவில்லை என்றால் புளோயருக்குத்தான் வர வேண்டும். இது இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில்லில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வாரிசு. கம்பளி நெய்தவர்களின் கருவி கார்ப்பெட் கழுவ வந்திருப்பது வேடிக்கைதான். ‘8’ என்ற எண்ணின் வடிவிலுள்ள ரோட்டார்கள் இரண்டு எதிரெதிராகச் சுழன்று, காற்றை இடுக்கில் அடைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும். அவை ஒன்றையொன்று தொடுவதில்லை, உறையையும் தொடுவதில்லை. நடுவே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளி வழியே கொஞ்சம் காற்று எப்போதும் பின்னால் நழுவும். தொட்டியிலிருந்து ஈரமும் நுரையும் ஏறிவந்து ரோட்டாரில் துருப்பிடித்து, அது அரித்துத் தேய்ந்தால் நழுவல் கூடும். நாள் முடிவில் புளோயருக்குள் துருத்தடுப்பு எண்ணெய் ஸ்ப்ரே செய்வதும், தொட்டியில் நுரையடக்கி ஊற்றுவதும் இதனால்தான்.

நழுவும் அளவு வேகத்தைப் பொறுத்து அவ்வளவாக மாறாது என்பதையும் கவனிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 400 கன அடி தள்ளும்போது 80 நழுவினால் மிச்சம் 320. பெல்ட் வழுக்கியோ இன்ஜின் வேகம் குறைந்தோ சுழற்சி பாதியானால், 200இல் அதே 80 போய் மிச்சம் 120தான். ஆகவே ரோட்டாரைக் குறை சொல்லுமுன் பெல்ட்டையும் ஆர்பிஎம்மையும் பார்த்துவிடுவது நல்லது. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்திலிருக்கும் டென்வரில் கோளாறே இல்லாமலும் இழுவை குறையும். அங்கே காற்றழுத்தமே 25 அங்குலம்தான்.

இந்த நேரத்தில் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை முறுக்கி முள்ளை இரண்டு அங்குலம் ஏற்றிப் பார்க்க ஆசை வரும். வேக்கம் கூடக்கூட புளோயர் சூடாகும், ரோட்டார்கள் விரியும், மயிரிழை இடைவெளி மூடிக்கொள்ளும். ஒருமுறை உரசினால் புளோயர் இறுகி நின்றுவிடும். அதை மாற்றும் செலவில் நல்ல ஹோஸ் எத்தனையோ வாங்கலாம்.